கயோட்டி: நரியா, ஓநாயா?

கயோட்டி: வட, மத்திய அமெரிக்காவில் வாழும் நாய்க் குடும்பத்து விலங்கு. உயிரியல் பெயர் கேனிஸ் லாட்ரன்ஸ், அதாவது 'குரைக்கும் நாய்'. 1823இல் தாமஸ் சே இட்ட பெயர்.

'கயோட்டி' என்ற சொல்லின் மூலம், மெக்சிகோவின் நாவாட்டில் மொழியிலுள்ள 'கொயோட்ல்'. ஸ்பானியர் வாயில் ஈற்று 'ட்ல்' திரிந்து 'கொயோட்டே' ஆயிற்று. தக்காளியைக் குறிக்கும் 'தொமாட்ல்' 'தொமாட்டே' ஆனதும் இதே வழியில்தான். மெக்சிகோ நகரத்துக் கொயோவகான் பகுதியின் பெயரிலும் இவ்விலங்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் 'கயோட்டி', மேற்கத்திய மாட்டுப் பண்ணைப் பகுதிகளில் 'கயோட்' என்றும் சொல்வார்கள்.

தமிழில் 'நரி' என்று எழுதிவிடுகிறோம். ஆனால் அமெரிக்கச் செந்நரி வல்பஸ் என்னும் வேறு பேரினம். நம் குள்ளநரி கயோட்டியின் பேரினமே என்றாலும் உருவில் சிறியது. 'ஓநாய்' என்பதோ ஆபத்தான பிழை. அது ஏன் என்பது குளிர்கால இரவு வேட்டையைப் பார்த்தால் விளங்கும்.

அமெரிக்காவின் மெய்ன் போன்ற பனி மாநிலங்களில் மரக்குடிலின் சன்னலிலிருந்து கயோட்டியைச் சுடுகிறார்கள். ஐம்பது முதல் நூறு மீட்டர் தொலைவில் இறைச்சிக் கழிவை வாளித் தண்ணீரில் போட்டு உறையவைத்துக் கவிழ்த்துவிடுவார்கள். தளர்வாகக் கிடந்தால் கயோட்டி கவ்விக்கொண்டு ஓடிவிடும். பனிக்கட்டிக்குள் இருந்தால் நின்று கடித்துத்தான் தின்ன வேண்டும். இதை 'இரைக்கட்டி' எனலாம். அடிபட்ட முயலின் அலறலை எழுப்பும் கருவிக்கு 'அழைப்பான்' பொருந்தும். சனவரி, பிப்ரவரியில் இணை தேடும் காலம் என்பதால் கயோட்டி ஊளை ஒலியைக் கேட்டும் வரும். நேராக வராது, காற்று வீசிச் செல்லும் பக்கமாகச் சுற்றிவந்து மோப்பம் பிடித்த பிறகே நெருங்கும். அந்தப் பக்கம் திறந்தவெளியாக இல்லாவிட்டால் உங்கள் வாடை அதை எட்டிவிடும், அதுவோ உங்கள் கண்ணில் படாது.

உடற்சூட்டை வைத்து இருட்டில் விலங்கைக் காட்டும் வெப்பத் தொலைநோக்கி சன்னல் கண்ணாடியை ஊடுருவாது. கண்ணாடியின் சூட்டை மட்டுமே காட்டும். ஆகவே சன்னல் திறந்திருக்க வேண்டும். குளிரில் கிடந்த துப்பாக்கியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் தொலைநோக்கி வில்லையில் ஈரம் படியும். மறுபடி வெளியே நீட்டினால் அது உறையும். கடுங்குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டு, சுடும் ஊசி மெதுவாக அடித்துத் தோட்டா வெடிக்காமல் போவதும் உண்டு. எண்ணெயைத் துடைத்துவிட்டு மெல்லிய பூச்சாக மட்டும் விடுங்கள்.

இனி அடையாளம். கயோட்டி ஓடும்போது வாலைத் தாழ்த்தும்; ஓநாயும் செந்நரியும் பின்னோக்கி நீட்டும். கயோட்டியின் காலடி ஏறத்தாழ 6 செ.மீ. நீளம், ஓநாயினுடையது 10 செ.மீ.க்கு மேல். வெப்பத் திரையில் நிறம் தெரியாது. வடகிழக்குக் கயோட்டிகளில் ஓநாய்க் கலப்பும் உண்டு, பெரியது 20 கிலோவைத் தொடும். ஓநாய் பாதுகாக்கப்பட்ட இடத்தில் அதைச் சுட்டால் குற்றம். இரவு வேட்டைக்கான அனுமதி, விளக்கு, இரை பற்றிய விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விதிமுறையில் 'கயோட்டி' என்றிருப்பதைத் தமிழில் 'ஓநாய்' என்று பெயர்த்தால், சுடக் கூடாத விலங்கைச் சுட அனுமதி தந்ததாகிவிடும்.

எனவே 'கயோட்டி' என்றே எழுதுக. முதல் முறை வருமிடத்தில் 'குள்ளநரிக்கு உறவான அமெரிக்க விலங்கு' என்று சேர்த்தால் போதும். மெக்சிகோ எல்லைச் செய்திகளில் 'கொயோட்டே' என்று வந்தால் அது விலங்கல்ல, பணம் வாங்கிக்கொண்டு ஆட்களைத் திருட்டுத்தனமாக எல்லை கடத்திவிடும் தரகர்.