ரேமுக்கு எதற்குப் பயிற்சி?

அக்கா மகன் புதுக் கணினி கட்டினான். 32 ஜிபி டிடிஆர்5 ரேம், அதாவது கணினி வேலை செய்யும்போது தரவை வைத்துக்கொள்ளும் நினைவகம் (டிடிஆர்5 அதன் ஒரு தலைமுறை), இரண்டு ஸ்டிக். ஸ்விட்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு, மதர்போர்டில் டிரேம் (ரேமைத்தான் அப்படிக் குறிக்கிறார்கள்) என்று எழுதியிருக்கும் இடத்தில் விளக்கு எரிந்தபடி நிற்கிறது. தேடிப் பிடித்த ஒரு தமிழ் உதவிக் குறிப்பு சொன்னது: ‘நினைவாற்றல் பயிற்சி நடைபெறுகிறது, காத்திருக்கவும்.’ அவன் அதைப் படித்துச் சிரித்துவிட்டு மூன்று தடவை அணைத்து அணைத்துப் போட்டான். ஒவ்வொரு தடவையும் வேலை முதலிலிருந்து ஆரம்பித்தது. கடைசியில் கைவைக்காமல் விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் படம் வந்திருந்தது.

மெமரி ட்ரெயினிங் என்பதைத்தான் அப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். ட்ரெயின் என்ற சொல்லின் வேர் இலத்தீனில் ‘இழு’ என்று பொருள்படும், டிராக்டருக்கும் அதே வேர்தான். இழுத்து ஒரு வழிக்குக் கொண்டுவருவது, அங்கிருந்து பழக்குவது, கற்பிப்பது. சரி, அது போதும்.

நினைவாற்றல் மனிதனுக்கு, நினைவகம் கணினிக்கு. அந்தப் பிழையை விடுங்கள். என் சண்டை ‘பயிற்சி’யோடு. பயில்கிறவன் யார் இங்கே? ரேம் எதையும் கற்றுக்கொள்வதில்லை. டிடிஆர்5-6000 என்றால் ஒவ்வொரு தரவுக் கம்பியிலும் நொடிக்கு 600 கோடி பிட், ஒரு பிட்டுக்குக் கிடைப்பது சுமார் 167 பிக்கோநொடி (நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு பிக்கோநொடி), அதற்குள் மின்சமிக்ஞை போர்டில் இரண்டரை சென்டிமீட்டர் போனால் பெரிது. நேரம் கொஞ்சம் பிசகினாலும் பிட்டைத் தப்பாகப் படித்துவிடும். ஆகவே புராசசருக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்படுத்தி சோதனைத் தரவை எழுதி, திரும்பப் படித்து, நேரத்தை இம்மி இம்மியாக நகர்த்தி, எந்த இடத்தில் பிழை வருகிறது என்று இருபக்க எல்லையையும் கண்டுபிடித்து நடுவில் போய் நிற்கிறது. புது ரேம் போட்ட முதல் தடவை இதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம், நான்கு ஸ்டிக் என்றால் இன்னும் கூடும்.

‘பழக்கல்’ என்று வைக்கலாமே, மாட்டை ஏருக்குப் பழக்குவது போல, என்றார் ஒரு நண்பர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழகிய மாடு மறக்காது, இதுவோ ஸ்டிக்கை இடம் மாற்றினாலே மறுபடி முதலிலிருந்து. தவிர, செயற்கை நுண்ணறிவுக்குத் தருவதையும் பயிற்சி என்கிறோம், அங்கே உண்மையிலேயே ஏதோ கற்கிறது, அந்தச் சொல்லை அங்கேயே விட்டுவிடலாம். நான் சொல்வது ‘இசைவிப்பு’. வீணைக்காரர் கச்சேரிக்கு முன் பிருடையைத் திருகிச் சுருதி சேர்க்கிறார், ஏசி குளிரில் சுருதி கலைந்தால் மறுபடி சேர்க்கிறார். வீணைக்குப் பயிற்சி கொடுக்கிறார் என்று யாராவது சொல்வோமா?

மொழிபெயர்ப்பவர்கள் கருவியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, அகராதியில் முதலில் கிடப்பதை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். இந்த ரேமை ‘6000 மெகாஹெர்ட்ஸ் வேகம்’ என்பதும் இந்த ரகம்தான், அதன் கடிகாரம் ஓடுவது 3000 மெகாஹெர்ட்ஸில், ஒரு துடிப்புக்கு இரண்டு பரிமாற்றம். கணினி தொடங்குவதைக் குறிக்கும் ‘பூட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் ‘துவக்கு’ என்று போடுகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் அதைச் சொல்லிப் பார்க்கட்டும், அங்கே அது துப்பாக்கி. ‘தொடக்கு’ இருக்கும்போது இது எதற்கு?

மருமகனிடம் இசைவிப்பு பற்றிச் சொன்னேன். “கல்யாண மண்டபத்துப் பேர் மாதிரி இருக்கு மாமா, நேரம் பொருத்துறதுன்னே சொல்லலாமே” என்றான். அதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.