வானம் வெளுத்திருந்தால் கேமராவை உள்ளே வைக்காதீர்கள்

சென்னை தண்டையார்பேட்டையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். சோறு போடுவது கல்யாணமும் பாஸ்போர்ட் போட்டோவும். ஞாயிறு காலையில் மட்டும் எனக்காகப் படம் எடுப்பேன். கூடவே கேமரா கற்றுக்கொள்ளும் பையன்கள் நாலைந்து பேர் வருவார்கள். போன ஐப்பசியில் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனோம். விடிந்தும் சூரியனைக் காணோம். "அண்ணா, லைட்டே இல்ல, கிளம்பிடலாமா?" என்றான் ஒருவன். டீ குடித்துவிட்டுப் பார்ப்போம் என்றேன்.

மேகம் மூடிய வானம் முழுக்க ஒரே விளக்கு. ஸ்டுடியோவில் விளக்கை மிருதுவாக்கும் துணிப்பெட்டி, அதாவது சாஃப்ட்பாக்ஸ், வைத்து நான் பாடுபட்டு உண்டாக்கும் வெளிச்சம் அங்கே சும்மா கிடைக்கிறது. அழுத்தமான நிழல் இல்லாததால் சேற்றின் நெளிவு, வலைக் குச்சிகளின் ஈரம், ஃபைபர் படகின் நீலம் எல்லாம் தெளிவாகத் தெரியும். கெடுப்பது வானம்தான். அது தரையைவிடப் பல மடங்கு பிரகாசம். அதைப் பாதி ஃபிரேமுக்கு இழுத்துவிட்டால் ஒன்று தரை கறுத்துப்போகும், இல்லை வானம் வெறும் வெள்ளைத்தாளாகிவிடும். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். வானம் ஒரு விரற்கடை போதும், அதுகூட இல்லாமலும் படம் நிற்கும்.

அன்று அந்தப் பையனை ஒரே ஒரு வலைக் குச்சி முன்னால் உட்கார வைத்தேன். குச்சியைச் சுற்றி நுரை, அதில் சிக்கிய ஒரு கோரைப்புல், பின்னால் மங்கலாக அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். ஜூம் லென்ஸில் பார்த்தால் மூட்டத்துக்குள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாம்பல். எது கிட்டே, எது தூரம் என்று அந்த நிறமே சொல்லிவிடும். பளிச்சென்ற வெயிலில் இது கிடைக்காது. ஒரு எச்சரிக்கை: நிறைய வெள்ளையைப் பார்த்தால் வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் ஏமாந்து படத்தை அழுக்குச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை அரை ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) கூட்டிவிட்டு, படத்தின் வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். கேமரா மெருகேற்றாத அசல் பதிவான ரா ஃபைலில் எடுங்கள்.

அடுத்தது உச்சி வெயில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். ஏப்ரல் 24 வாக்கில் நண்பகல் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் இருப்பதால் நட்டுவைத்த குச்சிக்கு நிழலே விழாது. அந்த நேரத்தில் கலரோடு மல்லுக்கட்டாமல் கறுப்பு வெள்ளைக்கு மாறுங்கள்: படகின் முன்முனையான அணியத்தின் வளைவு, அதன் கீழே மை போல இருட்டு, கயிறுகளின் கோடு. கலர்தான் வேண்டும் என்றால் போலரைசர் ஃபில்டரைத் திருப்பிப் பாருங்கள், தண்ணீரின் கண்கூச்சம் குறையும். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை அது தின்றுவிடும். உச்சி வெயிலில் அதற்கா பஞ்சம்? படகில் வேலை பார்ப்பவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். வர்த்தகத் துறைமுகப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

போகி காலையும் எனக்குப் பிடிக்கும், இருமலோடுதான். புகை மூட்டத்தில் சூரியன் ஆரஞ்சு வில்லையாகக் கூசாமல் தெரியும். அங்கேதான் ஆபத்து. டிஎஸ்எல்ஆர் கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் துளை (வியூஃபைண்டர்) வழியாக, அதுவும் தூரத்தைக் கிட்டே காட்டும் டெலி லென்ஸ் மாட்டி, சூரியனைப் பார்க்காதீர்கள். கூசவில்லை என்பதால் விழித்திரைக்குக் கேடில்லை என்று ஆகிவிடாது. பின்பக்கத் திரையில் பார்த்து எடுங்கள்.

ஏசி அறையிலிருந்து நேராகக் கடலோரம் கொண்டுபோனால் லென்ஸ் வேர்த்துவிடும். அரைமணி நேரம் பையை மூடியே வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடையுங்கள்.

அப்புறம், திருவொற்றியூர் பக்கம் கடல் அரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களில் ஏறும்போது பச்சைப் பாசி படிந்த கல்லில் கால் வைக்காதீர்கள். எனக்கு அங்கே ஒரு ஜோடிச் செருப்பும் ஒரு லென்ஸ் மூடியும் பாக்கி இருக்கின்றன.