காட்டாமணக்கு வெட்ட வந்தவர் எந்தக் கட்சி?

மேட்டூரில் தண்ணீர் திறந்தும் கடைமடைக்கு வந்து சேராத வருடங்கள் உண்டு. அப்படி ஒரு வருடம், மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர் வாய்க்காலை நெய்வேலிக் காட்டாமணக்கு அடைத்துக் கிடந்தது. தேர்தல் முடிந்து இரண்டு கட்சிக்காரர்களும் முகம் கொடுத்துப் பேசாத நேரம். ஆனால் நாற்றங்கால் காய்கிறதே! இரண்டு கிளைச் செயலாளர்களும் கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். ஒருவர் அரிவாளால் தூரை வெட்ட, மற்றவர் இழுத்துக் கரையில் போட்டார். "அண்ணே, பாம்பு கிடக்கும், பாத்து கைய வைங்க." பல மாதம் கழித்து அவர்களுக்குள் நடந்த முதல் பேச்சு அதுதான்.

1954-ல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் கிட்டத்தட்ட இதையே பார்த்தார். கோடை முகாமுக்கு வந்த 22 சிறுவர்களை இரண்டு அணியாக்கிப் போட்டி வைத்தார். சில நாளிலேயே எதிரணிக் கொடியை எரிக்கும் அளவுக்குப் பகை முற்றியது. சரி, சேர்ந்து சாப்பிடட்டும் என்று உட்காரவைத்தால் சாப்பாட்டை வாரி எறிந்துகொண்டார்கள். அப்புறம் ஆய்வாளர்களே தண்ணீர்த் தொட்டிக் குழாயை ரகசியமாக அடைத்துவைத்தார்கள். தாகத்தில் இரண்டு அணியும் சேர்ந்து அடைப்பை எடுத்தது. ஆனால் அன்று ராத்திரியே மறுபடி சண்டை! நின்றுபோன லாரியைக் கயிறு கட்டி இழுப்பது போன்ற வேலைகள் அடுத்தடுத்து வந்தபின்தான் பகை கரைந்தது. ஒருநாள் கூத்தில் நம்பிக்கை வராது.

அதே ஆண்டில் கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் இன்னொன்றையும் வலியுறுத்தினார்: சேர்கிற இடத்தில் இருவரும் சமமாக இருக்க வேண்டும். நம் டெல்டாவில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மிராசுதார் கரையில் குடை பிடித்து நிற்க, கூலியாள் மட்டும் சேற்றில் இறங்கினால் அது சேர்ந்து செய்த வேலை ஆகாது.

மனதுக்குள் என்ன மாறுகிறது? பெட்டிகுரூ, ட்ராப் என்ற உளவியலாளர்கள் இருவர் 515 ஆய்வுகளைத் தொகுத்து, எதிர்த்தரப்போடு நேரில் பழகுவது பெரும்பாலும் வெறுப்பைக் குறைக்கிறது என்று 2006-ல் காட்டினார்கள். எதிர்த்தரப்பைப் பற்றிய விவரம் கூடுவதைவிட, அவர்மேல் உள்ள பதற்றம் தணிவதும் அவர் கஷ்டம் நமக்கு உறைப்பதும்தான் அதிகம் வேலை செய்கின்றன என்றது அவர்களுடைய அடுத்த ஆய்வு. இவற்றில் நிறைய இனம், நிறம் பற்றியவை. கட்சிக்கும் பொருந்தும் என்றே நான் நம்புகிறேன். டீக்கடையில் கொள்கை பேசி யாரும் மனம் மாறி நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊர்க் கிளைச் செயலாளர்கள் இருவரும் இன்றும் வேறு வேறு சின்னத்துக்குத்தான் ஓட்டுக் கேட்கிறார்கள். ஆனால் முறைத்தண்ணீர் வரும் ராத்திரியில் ஒருவர் அசந்து தூங்கிவிட்டால், மற்றவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் அவர் வயலுக்கும் மடையைத் திறந்துவிடுகிறார்.