அம்மா தந்த 16,569 எழுத்துகள்

மட்டக்களப்புப் பக்கம் கல்யாணம் பேச வந்தால் சாதகம் பார்ப்பதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி வரும்: "என்ன குடி?" காலிங்கா குடி, உலகிப்போடி குடி, பணிக்கனா குடி என்று பதில் வரும். இரண்டு பக்கமும் ஒரே குடியென்றால் பேச்சு அத்தோடு சரி. அண்ணன் தங்கை முறையாகிவிடும். அம்மா என்ன குடியோ அதுதான் பிள்ளையின் குடி. அப்பாவின் குடி பிள்ளைக்கு வராது. இங்கேயும் அம்பாறைக் கரையோரத்திலும் முஸ்லிம் குடும்பங்களிடமும் இதே தாய்வழிக் குடி உண்டு.

என் அம்மம்மா விரல் மடக்கித் தன் குடிவழியைச் சொல்லுவார். தாய், தாயின் தாய், அவவின் தாய். நாலாவது விரலில் நின்றுவிடும். "அதுக்கங்கால தெரியாது மகன்."

அதுக்கங்காலும் எழுதித்தான் இருக்கிறது, நம் கலங்களுக்குள். கலத்தின் கருவில் 23 சோடி நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. ஒரு தொகுதி 23இல் மட்டும் சுமார் 300 கோடி எழுத்துகள்; ஏ, டி, ஜி, சி என்ற நாலே நாலு எழுத்து மாறி மாறி வரும். புரதம் செய்யச் சொல்லும் பரம்பரை அலகுகள், அதாவது ஜீன்கள், அதில் ஏறத்தாழ 20,000. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று அம்மாவிடமிருந்து, ஒன்று அப்பாவிடமிருந்து. கருவுக்கு வெளியே, கலத்துக்குச் சக்தி கொடுக்கும் இழைமணிக்குள், இன்னொரு சின்ன டி.என்.ஏ. வளையம் உண்டு: 16,569 எழுத்து, 37 ஜீன். அது முட்டையோடு வருவது. விந்தணுவின் இழைமணிகள் கருக்கட்டிய முட்டைக்குள் அழிந்துவிடுகின்றன. ஆகவே அந்த வளையம் குடி போகும் அதே வழியில் போகிறது.

மனித டி.என்.ஏ.யில் முதன்முதலாக முழுசாக வாசிக்கப்பட்டதும் இந்த வளையம்தான். 1981இல், பிரெடரிக் சாங்கர் இருந்த கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடத்தில். வாசித்த முறையை அவர் 1977இல் கொண்டுவந்திருந்தார். நான் படித்த அறிவியலில் இதைவிட அழகான உபாயம் இன்னொன்று எனக்குத் தெரியாது.

டி.என்.ஏ. இரட்டை இழை. ஏ-க்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி. இரண்டையும் பிரித்து, ஓர் இழையை ஒரு நொதியத்திடம் கொடுத்தால், அது எதிர் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துப் புதிய இழையை வளர்க்கும். சாங்கர் கோப்பதற்கான எழுத்துகளோடு கொஞ்சம் 'முட்டுக்கட்டை' எழுத்துகளையும் கலந்தார். ஏ-க்கான குழாயில், பார்வைக்கு அதுவும் ஏ-தான், ஆனால் அடுத்த எழுத்தைப் பிடிக்கும் கொளுக்கி அதில் இல்லை. அது சேர்ந்த இடத்தில் இழை நின்றுவிடும். குழாயில் ஒரே இழையின் கோடிக்கணக்கான பிரதிகள் இருப்பதால், ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஏ-யில் நிற்கும். நின்ற துண்டுகளின் நீளம் 7, 12, 15 என்று வந்தால், புதிய இழையில் 7ஆம், 12ஆம், 15ஆம் இடங்களில் ஏ இருக்கிறது என்று அர்த்தம். டி, ஜி, சி-க்கும் இப்படியே தனித்தனிக் குழாய்.

அப்புறம் நீளத்தை அளக்க வேண்டும். துண்டுகளை ஒரு ஜெல்லில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால், எதிர் மின்னேற்றமுள்ள டி.என்.ஏ. நேர்முனைக்கு ஓடும். வாவியில் வலை போட்டவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை: சின்னது கண்ணுக்குள்ளால் நழுவி ஓடிவிடும், பெரியது திணறும். நாலு குழாயையும் பக்கம் பக்கமாக ஓடவிட்டு, கீழிருந்து மேலே வரிவரியாகப் பார்த்தால் எழுத்துகள் வரிசையாக வரும். இதற்கு 1980இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு தடவையில் சில நூறு எழுத்துகளைத்தான் இப்படி வாசிக்கலாம். அதனால் பல பிரதிகளைக் கண்டபடி துண்டாக்கி, ஒன்றின் வாலும் மற்றதன் தலையும் ஒத்துப்போகும் இடங்களை வைத்துப் பொருத்துகிறார்கள். 1990இல் தொடங்கிய மனித மரபணுத்தொகுதித் திட்டம் அந்த 300 கோடியைப் பொருத்தப் பார்த்தது இந்த ஒட்டு வேலையில்தான். 2003இல் முடிந்தது என்று அறிவித்தபோதும் ஏறத்தாழ 8 வீதம் விடுபட்டிருந்தது. ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளில் எந்தத் துண்டு எங்கே போகும் என்று தெரியாது. நீண்ட துண்டுகளை வாசிக்கும் கருவிகள் வந்து, 2022இல்தான் அந்த இடைவெளிகள் நிரம்பின.

2003இன் அந்த முதல் பிரதியில் சுமார் 70 வீதம் ஒரே ஓர் ஆளுடைய டி.என்.ஏ. அது எல்லா மனிதருக்கும் பொருந்தாது என்றுதான் பிறகு பல இனத்தவரையும் வாசித்தார்கள். 2015இல் வெளியான 1,000 மரபணுத்தொகுதித் திட்டத்தில் 26 குழுக்களைச் சேர்ந்த 2,504 பேர். அதில் ஒரு குழு இலங்கைத் தமிழர். மாதிரி எடுத்தது பிரித்தானியாவில் வாழ்பவர்களிடம். நம்மட வாவிக்கரையில், குடி கேட்டுக் கேட்டு மாதிரி எடுத்து வாசித்தால் என்ன வரும் என்று பார்க்க எனக்கு மிகுந்த ஆசை. குடியும் வளையமும் அப்படியே ஒன்றாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். வளையம் மிக மெதுவாகத்தான் மாறும், ஆகவே இரண்டு குடிக்கு ஒரே வளையம் இருக்கலாம். தொடக்கத்தில் பல தாய்மார் சேர்ந்து உண்டான குடியில் பல வளையங்கள் இருக்கலாம்.

அம்மம்மாவின் வளையம் என்னிடம் இருக்கிறது. என் மகளிடம் இல்லை, அவளிடம் இருப்பது அவளுடைய அம்மாவுடையது. என் தங்கச்சியின் இரண்டு பிள்ளைகளிடமும் இருக்கிறது, அதில் ஒன்று பெண்.