பாட்டிலில் ஒரு வம்சம், வரப்பில் பல

தென்னந்தோப்பு எருக்குழியைக் கிளறும்போது சில சமயம் விறைத்துச் செத்த காண்டாமிருக வண்டுப் புழு அகப்படும். உடம்பு முழுக்கப் பச்சைத் தூள். அழுகல் நாற்றம் இருக்காது, காய்ந்து கெட்டியாக இருக்கும். "ஏதோ நோய் புடிச்ச புழு, தூக்கி வெளிய போடு" என்று ஆளிடம் சொல்லிவிடுவார்கள். போடாதீர்கள். அதைக் கொன்றது மெட்டாரைசியம். கடையில் காசு கொடுத்து வாங்குகிற பச்சை மஸ்கார்டைன் பூஞ்சையின் பங்காளி, யாரும் தெளிக்காமலே உங்கள் குழியில் வேலை பார்த்திருக்கிறது.

பயிர்ப் பாதுகாப்பில் இருப்பதால் எனக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஏக்கருக்கு எத்தனை கிலோ போடணும் சார்?" அந்த மண்ணில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் அரிது.

மெட்டாரைசியம், பிவேரியா போன்ற, பூச்சியைக் கொல்லும் பூஞ்சைகளைப் பூச்சி தின்ன வேண்டியதில்லை. விதை போன்ற நுண்ணிய வித்து பூச்சியின் தோலில் ஒட்டி முளைத்து, துளைத்து உள்ளே போய்ப் பெருகும். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் பூச்சி செத்துவிடும். ஈரம் இருந்தால் பூஞ்சை வெளியே வந்து வித்துகளைக் கொட்டும்: பிவேரியா என்றால் வெள்ளை, மெட்டாரைசியம் என்றால் பச்சை. இவ்வளவும் பலருக்குத் தெரியும். அந்தப் பச்சைக்குள் எத்தனை வம்சங்கள் என்பதுதான் தெரியாது.

நீண்ட காலம் 'மெட்டாரைசியம் அனிசோபிலியே' என்ற ஒரே பெயரில் பலவற்றையும் அடைத்து வைத்திருந்தோம். 2009இல் மரபணு வரிசைகளை ஒப்பிட்டுப் பிரித்தபோது அந்தப் பெயருக்குள் ஒன்பது இனங்கள் வெளிவந்தன. காண்டாமிருக வண்டைத் தாக்கும் மஜுஸ் ஓர் இனம், வெட்டுக்கிளிக்கென்றே அமைந்த அக்ரிடம் இன்னொன்று. நுண்ணோக்கியில் மட்டும் பார்த்து இவற்றில் பலவற்றைப் பிரிக்க முடியாது. ஒவ்வோர் இனத்துக்குள்ளும் தனித்தனி மரபு வகைகள் வேறு.

இந்த வகைகள் எதை வைத்துப் பிரிகின்றன? தாக்கும் பூச்சியை வைத்து என்றுதான் எவருக்கும் தோன்றும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து மண்ணில் ஆராய்ந்து 2001இல் வெளியிட்டபோது விடை வேறாக இருந்தது: அவை வாழிடத்தை வைத்துப் பிரிந்திருந்தன. காட்டு மண்ணின் கூட்டம் 8 டிகிரிக் குளிரிலும் வளர்ந்தது. வயல் மண்ணின் கூட்டம் 37 டிகிரியிலும் வளர்ந்தது, புறஊதாக் கதிரையும் தாங்கியது. டென்மார்க்கில் ஒரு வயலையும் அதன் உயிர்வேலியையும் ஒப்பிட்டார்கள். வேலியோரத்தில் பிவேரியாவின் பல பரம்பரைகள். உழுத நிலத்து மண்ணில் ஒன்றே ஒன்று. இரண்டும் அடுத்தடுத்த இடங்கள்தான்! உழவையும் வெயிலையும் தாங்கியது மட்டும் நடுவயலில் மிஞ்சியது என்றே நான் வாசிக்கிறேன்.

நம் ஊருக்கு இது முக்கியம். இந்தப் பூஞ்சைகளுக்குப் பொதுவாக 25 முதல் 30 டிகிரி வரை தோது. மே மாத வெயிலில் மூடாக்கு இல்லாத செம்மண்ணின் மேற்பரப்பு 50ஐத் தாண்டும். வாங்கி வந்த ஒற்றை வகை அதில் நிலைக்காமல் போகலாம்; தலைமுறை தலைமுறையாக அங்கேயே கிடக்கும் வகைகளில் ஏதாவது ஒன்றுக்காவது அந்தச் சூடு பழகியிருக்கலாம். பன்மை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

மண்ணில் இவை இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. விரல் நீளத்துக்குக் கீழிருந்து எடுத்த மண்ணைச் சலித்து, லேசாக ஈரமாக்கி, காற்றுத் துளையிட்ட டப்பாவில் போடுங்கள். தேனீ வளர்ப்பவரிடம் பழைய அடையில் மெழுகுப் புழு கிடைக்கும். கொடுக்க மகிழ்ச்சியாகவே சம்மதிப்பார். நாலைந்து புழுவை உள்ளே விட்டு, நிழலில் வைத்து, முதல் வாரம் தினமும் டப்பாவைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். செத்த புழுவைக் கழுவி ஈரத்தாளில் வைத்தால் வெள்ளையோ பச்சையோ பூக்கும். எந்த வம்சம் என்று சொல்ல ஆய்வகம் வேண்டும். இருக்கிறதா என்று அறிய இது போதும். வயல் நடுவிலும் வரப்போரத்திலும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள்.

பூஞ்சை வித்தைப் போட்ட அதே வாரம் வேருக்கு கார்பென்டசிம் ஊற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். பூஞ்சணக்கொல்லிக்கு நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை தெரியாது. வரப்புப் புல்லைக் கொளுத்துவதும் அப்படித்தான்: உழவு தொடாத இடம் நிலத்தில் அது ஒன்றுதான், அதையும் சுடுகிறோம்.

மெட்டாரைசியத்துக்குப் பூச்சி மட்டும் பிழைப்பு அல்ல. வேரோடும் ஒட்டி வாழும். தான் கொன்ற புழுவின் தழைச்சத்தைச் செடிக்குக் கொடுத்து, செடியிடமிருந்து சர்க்கரையைப் பெறுகிறது. தழைச்சத்து இப்படிக் கைமாறுவதை 2012இல் சோதனையில் காட்டினார்கள். புழு செத்துப்போன வயலிலும் அது பட்டினி கிடக்காமல் இருக்க இது ஒரு காரணம்.

பாட்டிலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேர்ப்புழு கூட்டமாக வந்துவிட்டால் உள்ளூர் வகை மட்டும் போதாது, வாங்கித்தான் ஆகவேண்டும். வாங்கும்போது காலாவதித் தேதியோடு லேபிளில் வகையின் பெயரையும் அந்த வகைக்குரிய பதிவு எண்ணையும் (கம்பெனியின் பதிவு எண் அல்ல) படியுங்கள். ஆராய்ச்சி நிலையங்கள் ஒரே வகையைப் பல நிறுவனங்களுக்குக் கொடுப்பதுண்டு. எண் ஒன்றாக இருந்தால், இரண்டு கம்பெனிப் பாக்கெட் வாங்கினாலும் போடுவது ஒரே வம்சம்தான்.