குடல் நோய் உள்ளவருக்குக் கண் சிவந்தால்

கிரோன் நோய் என்ற நாள்பட்ட குடல் அழற்சிக்காக என்னிடம் வரும் ஒரு பெண், ஒருமுறை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே உட்கார்ந்தார். "வயிறு நல்லா இருக்கு டாக்டர். கண்ணுதான் பத்து நாளா சிவந்து கிடக்கு, வெளிச்சமே ஆகலை" என்றார். சாதாரணக் கண்வலி என்று நினைத்து, கடையில் வாங்கிய சொட்டு மருந்தைப் போட்டுக்கொண்டிருந்தார். அன்றே கண் மருத்துவரிடம் அனுப்பினேன். யுவைட்டிஸ், அதாவது கண்ணுக்குள்ளே அழற்சி. கண்ணைப் பற்றி முன்பே எச்சரிக்காமல் விட்டோமே என்று மனது உறுத்தியது.

கிரோன் நோயும், பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸும் குடலோடு நிற்பவை அல்ல. நோய் எதிர்ப்பு மண்டலம் தடம் மாறுவதால் மூட்டு, தோல், கண், வாய் என எங்கும் அழற்சி தலைகாட்டலாம்.

கண் சிவப்பு எல்லாம் ஒன்றல்ல. எபிஸ்கிளெரைட்டிஸில், அதாவது வெள்ளை விழியின் மேல்பரப்பு அழற்சியில், வெள்ளை விழி சிவக்கும், லேசாக உறுத்தும், பார்வை தெளிவாகவே இருக்கும். பெரும்பாலும் குடல் நோய் கிளம்பும்போது வந்து, அது அடங்கினால் தானும் அடங்கும். யுவைட்டிஸ் அப்படியல்ல, வயிறு அமைதியாக இருக்கும்போதும் வரும். அதனால்தான் கண்ணையும் குடலையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. வலி, வெளிச்சத்தில் கூச்சம், மங்கல் என்றால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். தள்ளிப்போட்டால் கண் அழுத்தம் ஏறி, பார்வையே போகலாம். தூக்கத்தைக் கெடுக்கும் ஆழமான கண்வலியும் இதே அவசரம்தான். அப்புறம், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தை நீண்டநாள் எடுத்தவர்களுக்குக் கண்புரையும் கண் அழுத்த நோயும் வரக்கூடும். கண்ணில் தொந்தரவே இல்லாவிட்டாலும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

வாயை நான் எப்போதும் திறந்து பார்ப்பேன். குடல் நோய் கூடும்போது வாய்ப்புண்ணும் கூடும். கிரோன் நோயில் உதடு தடித்து வீங்குவதும் உண்டு. சிலருக்கு, முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, வயிற்றுத் தொந்தரவுக்கு முன்பே வாயில் தெரிந்துவிடும். கடைவாய் வெடிப்பும், வழவழவென்று சிவந்த நாக்கும் வேறு கதை சொல்லும்: இரும்புச்சத்தோ பி12 வைட்டமினோ குறைந்திருக்கலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதிதான் பி12-ஐ உறிஞ்சுகிறது. கிரோன் நோய் அதிகம் தாக்குவதும் அங்கேதான்.

காது பாதிப்பு அரிது. ஆனால் திடீரென ஒரு காது மந்தமானால், அழுக்கு அடைத்திருக்கும் என்று விடாதீர்கள். உள்காது அழற்சியாக இருந்தால் ஸ்டீராய்டைச் சீக்கிரம் தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம்.

கண், பல், காது என்று எந்த மருத்துவரிடம் போனாலும் குடல் நோயையும், சாப்பிடும் மருந்துகளையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வலிக்கு எழுதித் தரும் ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் போன்ற மாத்திரைகள் சிலருக்கு அடங்கியிருந்த குடல் நோயைக் கிளப்பிவிடும்.