ஷுங்கா: தமிழில் வேனிற்படம்

ஜப்பானின் பழைய காம ஓவியங்களுக்கு ஷுங்கா என்று பெயர். ‘ஷுன்’ வசந்தம், ‘கா’ படம். ஒளிவுமறைவே இல்லாத படத்துக்குப் பருவத்தின் பெயர் எதற்கு? எல்லாம் இடக்கரடக்கல்தான். சீனத்தில் இவை ‘வசந்த அரண்மனைப் படங்கள்’. இன்றைய ஜப்பானியத்திலும் விடலைப் பருவம் ‘வசந்தத்தை நினைக்கும் காலம்’. பாலியல் தொழில் ‘வசந்தத்தை விற்பது’.

எடோ காலத்தில் (1603–1868) இவற்றைச் ‘சிரிப்புப் படம்’, ‘தலையணைப் படம்’ என்றும் சொன்னார்கள். எனக்குப் பிடித்தது சிரிப்புதான். உறுப்புகள் அளவுக்கு மீறிப் பெரியவை. உடல்களோ பெரும்பாலும் ஆடைக்குள். கிமோனோவின் மடிப்பையும் பூவேலையையும் அச்சுக்காக மரக்கட்டையில் செதுக்கியவர் பட்ட பாடு கண்ணுக்குத் தெரியும். 1722இல் அரசு தடை போட்டது. அச்சு நிற்கவில்லை, மறைவாக நடந்தது. புகழ்பெற்ற ஓவியர்கள் உதமாரோவும் ஹொகுசாயும் வரைந்தது அதற்குப் பிறகுதான்.

1814இல் வெளிவந்த ஹொகுசாயின் படமொன்றில் முத்துக்குளிக்கும் பெண்ணை இரண்டு ஆக்டோபஸ்கள் தழுவுகின்றன. சுற்றி வெற்றிடமே இல்லை. பேச்சும் முனகலும் எழுத்தாக நிரம்பிக் கிடக்கின்றன. இக்கால ஜப்பானிய ஓவியர் ஐதா மகோதோ 1993இல் இதையே எடுத்துக்கொண்டு, ஆக்டோபஸ் இருந்த இடத்தில் மூன்று தலை சினிமா அரக்கன் கிங் கிடோராவை வைத்தார். கார்ட்டூன் படத்துக்கு வரைவதுபோல் ஒளி ஊடுருவும் தாளில் வரைந்தது. ஒரு சுவரை நிறைக்கும் அளவு. ஜப்பானில் பிறந்த அமெரிக்க ஓவியர் மசாமி தெராஓகாவின் 1980களின் எய்ட்ஸ் ஓவிய வரிசையில் கெய்ஷாக்கள் (ஆடல் பாடலால் விருந்தினரை மகிழ்விக்கும் பெண்கள்) ஆணுறை உறையோடு மல்லுக்கட்டுகிறார்கள். மரக்கட்டை அச்சு போலத் தெரியும், உண்மையில் நீர்வண்ணம். மற்றவர்கள் உருவத்தை எடுத்தார்கள் என்றால், இவர் அந்தப் பழைய சிரிப்பையும் சேர்த்து எடுத்தார் என்பேன்.

2013இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் பெரிய ஷுங்கா கண்காட்சி நடத்தியது. டோக்கியோவில் அப்படியொன்று நடக்க 2015 ஆயிற்று, அதுவும் எய்சேய் புங்கோ என்ற சிறிய அருங்காட்சியகத்தில்.

தமிழில் என்ன சொல்வது? ‘ஆபாசப் படம்’ தீர்ப்பு, பெயரல்ல. ‘காம ஓவியம்’ பொருளைச் சொல்லும். ஆனால் இடக்கரடக்கல் போய்விடும். நம்மிடமே வழி இருக்கிறது. மன்மதனுக்கு வேனிலான், வேனில்வேள் என்றும் பெயர். இளவேனில் அவன் பருவம். ஆகவே வேனிற்படம். இன்றைக்கு வேனில் என்றால் பலருக்கும் கத்திரி வெயில்தான் நினைவுக்கு வரும் என்பதால், முதல் தடவை எழுதும்போது மட்டும் பக்கத்தில் ‘ஷுங்கா’ என்று போட்டுவிடலாம்.